சோம்பேறி யார்?

“வேலை போகாது என்கிற தைரியம் ஒருவனுக்கு வந்துவிட்டால், அப்புறம் அவன் எதற்காக வேலை செய்யப்போகிறான்?”

பொன்னமராவதியில் குடியிருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் காதில் வாங்காமல் ஒரு வாரத்தைக் கழிப்பது கஷ்டம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார்கள். கொன்னையூர் மாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள், காரை விட்டு இறங்கும்போதே இதைக் கேட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் சர்க்காரிலோ பாங்கிலோ முப்பது வருஷம் உட்கார்ந்து எழுந்து, மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்குகிறவர்கள். மீதிப் பாதிப் பேர், தங்கள் பிள்ளையை பாங்க் பரீட்சைக்குப் படிக்க மதுரைக்கோ திருச்சிக்கோ அனுப்பிவிட்டு, முடிவு எப்போது வரும் என்று பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். உத்தியோகத்தில் உறுதி என்பது ஊரைக் கெடுக்கும் வியாதி. தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அது மருந்து!

ஒரு பாங்கை இன்னொரு பாங்க் விழுங்கியது என்று பத்திரிகையில் செய்தி வருகிற நாட்களில் இந்தக் கேள்விக்கு மவுசு அதிகம். “நல்லதாப் போச்சு. இனிமேலாவது பயந்துகிட்டு வேலை பார்ப்பான்” என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர் தலையை ஆட்டுவார். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு பாங்க் விஷயம் வெறும் வம்பு அல்ல. பொன்னமராவதியும் அதைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களும் வட்டிக் கணக்கில் வளர்ந்தவை. பணத்தைக் கொடுக்கவும் தெரியும், வாங்கவும் தெரியும், ஆள் வைத்துத் தொழில் நடத்தவும் தெரியும். அப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு இவ்வளவு அரைகுறையாகப் பேசுகிறார்களே என்பதுதான் என் ஆத்திரம்.

உத்தியோகத்தில் உறுதி இருப்பதனால் மனிதன் சோம்பேறி ஆவதில்லை. அந்த உறுதியைப் பறித்துவிட்டால் சோம்பல் ஒழிந்துபோவதும் இல்லை. அது பழைய சட்டையைக் கழற்றிவிட்டுப் புதுச் சட்டை மாட்டிக்கொள்கிறது. புதுச் சட்டை போட்டுக்கொண்ட அந்தச் சோம்பல்தான் உங்கள் பணத்துக்கும் என் பணத்துக்கும் ஆபத்தானது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுத உட்கார்ந்தேன்.

பழைய சட்டைக்காரரை நமக்கெல்லாம் நன்றாகத் தெரியும். அவர் இல்லை என்று நான் வாதாடப்போவதில்லை. பத்து மணிக்கு நாற்காலியின் முதுகில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போனால், அந்தத் துண்டு பதினொன்றரை வரை அவருக்காக உத்தியோகம் பார்க்கும். பாஸ்புக்கை நீட்டினால், “பிரிண்டர் ரிப்பேர், திங்கட்கிழமை வாங்க” என்பார். திங்கட்கிழமை போனால் சர்வர் படுத்துவிட்டது என்பார். நகைக் கடனுக்கு வந்த கிழவியை மூன்று தடவை நடக்கவிட்டு, நாலாவது தடவை, “ஆதார் ஜெராக்ஸ் எங்கே?” என்பார். முதல் நாளே கேட்டிருக்கலாமே என்றால் முறைப்பார். நானும் அவர் முன்னால் நின்றிருக்கிறேன். நின்று நின்று இரண்டு சிறுகதைகளுக்கு விஷயம் சேர்த்திருக்கிறேன். ஆகவே, ‘பாங்க் குமாஸ்தாக்கள் எல்லாரும் உத்தமர்கள்’ என்று பஜனை பாட நான் வரவில்லை.

ஆனால், இந்தத் துண்டுக்காரரைக் காட்டிக்கொண்டு ஒரு பெரிய பொய்யைச் சொல்கிறார்களே, அதைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. ‘இவரால்தான் பாங்க் நொடித்தது; ஆகவே விற்றோம்; ஆகவே இனி எல்லாரும் பயந்து நடக்கவேண்டும்’ என்பது அந்தப் பொய்.

பயத்தை வைத்துத்தான் ஆளை வேலை வாங்கவேண்டும் என்று நம் தாத்தாக்கள் நினைத்தார்களா? 1942ல் ஜப்பான்காரன் வந்து பர்மாவைக் கலைக்கும் வரையில், ரங்கூனிலும் மோல்மேனிலும், மலேயாவிலும் இலங்கையிலும் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளி இங்கே நம் பக்கத்து ஊர் ஒன்றில், முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கடை கடலுக்கு அப்பால் இருக்கும். கடைக்கு ஒரு மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். எல்லாருக்கும் கீழே பெட்டியடிப் பையன். மேலாளோடு பேசி எழுதிக்கொள்வது மூன்று வருஷக் கணக்கு. மூன்று வருஷத்துக்கும் சம்பளம் இவ்வளவு என்று முன்கூட்டியே தீர்த்துவிடுவார்கள். அதில் ஒரு பகுதியைக் கப்பல் ஏறுமுன்பே குடும்பச் செலவுக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. அதோடு கடையை நடத்த அதிகாரப் பத்திரமும் எழுதிக் கொடுப்பார்கள். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பது மேலாள் பொறுப்பு. கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் நெல் அறுவடையே முடிந்துவிடும் காலத்தில், முதலாளி திண்ணையிலிருந்துகொண்டு விரட்டமுடியுமா? மூன்று வருஷம் முடிந்து அடுத்த ஆள் வந்து கணக்கை ஏற்றுக்கொண்டதும், மேலாள் ஊருக்குத் திரும்புவார். சிறிது காலம் வீட்டில் இருப்பார். பிறகு மறுபடியும் கப்பல்.

வேலை செய்யுமுன்பே சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்து, கையில் அதிகாரத்தையும் கொடுத்து, ‘மூன்று வருஷத்துக்கு உன்னை அசைக்கமாட்டேன்’ என்று சொல்லி அனுப்பியவர்கள் தர்மப் பிரபுக்களா? இல்லை. கால் வட்டியைக்கூட விடாத கணக்குப் பிள்ளைகள். அவர்கள் கெட்டிக்காரத்தனத்தினால்தான் அப்படிச் செய்தார்கள். ‘நாளைக்கு என்னைத் துரத்திவிடுவான்’ என்று பயந்துகொண்டிருக்கிற மேலாள், பகட்டாக வந்து நிற்கிற பெரிய கடன்காரனைப் பார்த்து, ‘உனக்குக் கொடுக்கமுடியாது’ என்று சொல்லமாட்டான். முடியாது என்று சொல்கிற தெம்புக்குத்தான் அந்த மூன்று வருஷம். வட்டித் தொழிலில் வேலை என்றால் முக்கால்வாசி இந்த ‘முடியாது’தான்.

அந்தக் கடைகளின் மீது எனக்குக் காதல் ஒன்றும் இல்லை. பெட்டியடிப் பையனாகப் போன சிறுவர்கள் பட்ட பாடு தனி. மூன்று வருஷம் புருஷன் முகம் பாராமல் வளவுக்குள் காலம் தள்ளிய பெண்களின் பாடு அதைவிடத் தனி. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் 1930களின் கடைசியில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது என்றால், அந்த நிலத்தை இழந்த பர்மாக்காரன் என்ன நினைத்திருப்பான் என்பதும் எனக்குத் தெரியும். நான் சொல்வது ஆள் வைத்த முறையைப் பற்றி மட்டும்.

அந்த மரபில் வந்தவர்கள்தான் பிறகு பாங்க் வைத்தார்கள். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10ந் தேதி இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறந்தார். பஞ்சாலை அதிபர் கருமுத்து தியாகராஜ செட்டியார் 1943ல் மதுரையில் பாங்க் ஆப் மதுரையை ஆரம்பித்தார். 1960களில் இந்த மதுரை பாங்க், செட்டிநாடு மெர்க்கன்டைல் பாங்கை விழுங்கிற்று. பிறகு அதற்கே ஒரு காலம் வந்தது. 2000 டிசம்பரில் பேச்சு முடிந்து, 2001 மார்ச்சில் ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கோடு கலந்துவிட்டது. ஒரு மதுரைப் பங்குக்கு இரண்டு ஐ.சி.ஐ.சி.ஐ. பங்கு என்பது கணக்கு. விழுங்கிய பாங்குக்கு அப்போது வயது ஏழு; விழுங்கப்பட்டதற்கு ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு வயதுப் பெரியவரை ஏழு வயதுப் பையன் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்ட காட்சியை அன்றைக்குத் தமிழ்நாடு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

அப்போதும் இதே பேச்சுத்தான். மதுரைக்காரர்கள் வயதானவர்கள், சங்கம் வைத்திருப்பவர்கள், கம்ப்யூட்டரைக் கண்டால் காத தூரம் ஓடுகிறவர்கள். வந்திருப்பவர்களோ இளைஞர்கள், சுறுசுறுப்பானவர்கள். 2003ல் அந்த பாங்க் முன்கூட்டியே ஓய்வு பெறும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தபோது, ஏறக்குறைய 1,500 பேர் அதை ஏற்று வெளியே போனார்கள். (அத்தனை பேரும் மதுரைக்காரர்கள் அல்ல.) அரசு பாங்குகளிலும் 2000-2001ல் சுயவிருப்ப ஓய்வு என்ற பெயரில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ‘கொழுப்பு கரைந்தது’ என்று எழுதினார்கள். போனவர்களில் பலர், எங்கே போனாலும் நாலு காசு சம்பாதிக்கத் தெரிந்த கெட்டிக்காரர்கள் என்பதை எழுதவில்லை. துண்டுக்காரர் லேசில் போவாரா? அவர் துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கமாகக் கட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1990களின் பிற்பாதியில் பாங்க் ஆப் மதுரையின் ஆட்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, சேமிக்கச் சொல்லிக் கொடுத்து, கடனும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாக நடக்கிற காரியம் அது. இருபது பெண்கள் ஒருவரையொருவர் நம்பி உட்கார மாதக் கணக்கில் ஆகும். ‘இந்த மாதம் எத்தனை?’ என்று விரட்டினால் நடக்காது. விழுங்க வந்த பாங்க், அந்தக் குழுக்களைத் தூக்கி எறியவில்லை. கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பெருக்கியது. அந்தச் ‘சோம்பேறிகள்’ வேலை உறுதியோடு உட்கார்ந்து செய்த காரியம், வாங்க வந்தவனுக்கே விலையுயர்ந்த சரக்காக இருந்திருக்கிறது!

இனிப் புதுச் சட்டைக்காரரைப் பார்ப்போம். எந்த ஊர், எந்த பாங்க் என்று சொல்லப்போவதில்லை. பெயர்ப் பலகை மாறிய பாங்குகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார்; வயது 74. புருஷன் விட்டுப்போன நாலு லட்ச ரூபாயை வைப்பு நிதியில் போட்டு, வட்டியை மருந்துக்கும் பாலுக்கும் செலவழிக்கிறவர். தவணை முடிந்தது, துணைக்கு நானும் போயிருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருபத்தைந்து வயதுப் பையன். கழுத்தில் டை, கண்ணுக்குக் கீழே கறுப்பு.

“ஆச்சி, இதை மறுபடியும் டெபாசிட்லே போடவேணாம். இதிலே போடுங்க. நல்லா வளரும்” என்று ஒரு தாளை நீட்டினான்.

“வட்டி எப்ப வரும் தம்பி?”

“மாசா மாசம் வராது ஆச்சி. பத்து வருஷம் கழிச்சு மொத்தமா வரும்.”

“பத்து வருஷமா! அப்ப நான் இருக்கணுமே.”

பையன் சிரிக்கமுயன்றான். நான் தாளை வாங்கிப் படித்தேன். வருஷா வருஷம் பணம் கட்டவேண்டிய இன்ஷூரன்ஸ் பாலிசி. ஆச்சியைப் பழையபடி வைப்பு நிதியிலேயே போடச் சொல்லிவிட்டு வெளியே வந்தோம். பையன் பின்னாலேயே வந்துவிட்டான். “தப்பா நினைக்காதீங்க சார். மாசத்துக்கு இத்தனை பாலிசின்னு கணக்கு. ராத்திரி ஒன்பது மணிக்குப் போன்லே கேப்பாங்க. முடிக்கலேன்னா, எந்த ஊருக்குத் தூக்கிப் போடுவாங்கன்னு தெரியாது. வீட்டிலே அம்மாவுக்கு உடம்பு சரியில்லே” என்றான்.

காலை எட்டரைக்கு வந்து இரவு ஒன்பதுக்குப் போகிற இந்தப் பையனைச் சோம்பேறி என்று யாராவது சொல்லமுடியுமா? ஓடி ஓடிக் களைத்துப்போயிருக்கிறான். ஆனால் அன்றைக்கு அவன் செய்யவேண்டியிருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். “ஆச்சி, இது உங்களுக்கு வேண்டாம்” என்று சொல்வது. அந்த வேலையைத்தான் அவன் செய்யவில்லை. துண்டுக்காரர் செய்யாத வேலையினால் ஆச்சிக்கு ஒரு திங்கட்கிழமை நஷ்டம். இந்தப் பையன் செய்யாத வேலையினால் நாலு லட்சம் போயிருக்கும். ஊர் யாரைத் திட்டுகிறது? துண்டுக்காரரை. பையனுக்கு ‘சுறுசுறுப்பு’ என்று நற்சாட்சிப் பத்திரம்!

இது நம் தெருக்கதை மட்டும் அல்ல. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ என்று ஒரு பெரிய பாங்க். வாடிக்கைக்காரன் ஒவ்வொருவன் பெயரிலும் இத்தனை கணக்கு விற்றாகவேண்டும், விற்காதவனுக்குச் சீட்டுக் கிழியும் என்று விரட்டினார்கள். விளைவு என்ன ஆயிற்று? வாடிக்கைக்காரர்களுக்குத் தெரியாமலேயே அவர்கள் பெயரில் கணக்குகளைத் திறந்து தள்ளினார்கள் சிப்பந்திகள். 2016 செப்டம்பரில் விஷயம் அம்பலமானபோது 20 லட்சம் கணக்குகள் என்றார்கள். மறுவருஷம் எண்ணிப் பார்த்து 35 லட்சம் வரை இருக்கும் என்றார்கள். அபராதம் 18.5 கோடி டாலர். ஐந்து வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிப்பந்திகள் 5,300 பேர். பயத்தினால் வேலை நடக்கும் என்று நம்பியவர்களுக்கு, வேலை மாதிரியே இருக்கிற ஏதோ ஒன்று நடந்து கொடுத்தது.

“அது தனியார் பாங்க்; நம் அரசு பாங்குகளில்தான் உத்தியோகம் உறுதியாயிற்றே” என்பீர்கள். உத்தியோகம் உறுதிதான், ஊர் உறுதியா? மாற்றல் என்று ஒரு சாட்டை இருக்கிறது, அது வேலை நீக்கத்துக்கு இளைத்ததல்ல. 2014ல் ஜன்தன் கணக்குகள் ஆரம்பமாயின. ‘காலிக் கணக்கு அதிகமாயிருக்கிறதே’ என்று மேலிடம் முகத்தைச் சுளித்தது. 2016ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை துருவிப் பார்த்தபோது, ஒரே ஒரு ரூபாய் இருப்பு வைத்த கணக்குகள் ஒரு கோடிக்கு மேல் கிடந்தன! ஏழையின் கணக்கில் பாங்க்காரர்களே ஒரு ரூபாயைப் போட்டுக் ‘காலி’ என்ற பெயரை அழித்திருந்தார்கள். மேலிடத்துக்கும் திருப்தி, கீழிடத்துக்கும் திருப்தி. ஏழைக்கு ஒரு ரூபாய் லாபம்.

இனிப் பெரிய சோம்பேறிகளைப் பற்றிப் பேசலாம்.

1926ல் கரூரில் வி.எஸ்.என். ராமலிங்க செட்டியாரும் வேறு ஆறு வியாபாரிகளும் சேர்ந்து லட்சுமி விலாஸ் பாங்கைத் தொடங்கினார்கள். நெசவுக்காரர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் கைகொடுத்து வளர்ந்த பாங்க். 1960ல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் பாங்க் விழுந்த பிறகு, நலிந்த பாங்குகளை மற்றவற்றோடு சேர்க்கும் படலம் நாடெங்கும் ஆரம்பமாயிற்று. 1961க்கும் 1965க்கும் நடுவில் லட்சுமி விலாஸ் மட்டும் ஒன்பது சிறு பாங்குகளை எடுத்துக்கொண்டது. அவ்வளவு ஆரோக்கியமான பாங்க், பிற்காலத்தில் சிறு வியாபாரியை விட்டுவிட்டுப் பெரிய கம்பெனிகளின் பின்னால் போயிற்று. பெரிய கடன்கள் திரும்பவில்லை. 2020 மார்ச்சில் அது கொடுத்திருந்த ஒவ்வொரு நூறு ரூபாய்க் கடனிலும் இருபத்தைந்து ரூபாய்க்கு மேல் வாராக்கடன். 2020 செப்டம்பரில் பங்குதாரர்கள் பொதுக்குழுவில் பொறுக்கமுடியாமல் ஏழு டைரக்டர்களுக்கு எதிராக ஓட்டுப் போட்டு இறக்கினார்கள். நவம்பர் 17ந் தேதி சர்க்கார் பாங்கை முடக்கியது. கணக்கில் எவ்வளவு இருந்தாலும் எடுக்கக்கூடியது 25,000 ரூபாய். பத்தாம் நாள், 27ந் தேதி, அது டி.பி.எஸ். பாங்கோடு சேர்க்கப்பட்டது. நம் தாத்தாக்கள் கடன் கொடுக்கக் கப்பலேறிப் போன சிங்கப்பூரிலிருந்து, 1968ல் பிறந்த ஒரு பாங்க் வந்து, 94 வயதுக் கரூர்க் கிழவரைத் தோளில் போட்டுக்கொண்டு போயிற்று. சுமார் 20 லட்சம் பேர் போட்டுவைத்திருந்த பணம் பிழைத்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு நயா பைசா கிடைக்கவில்லை. பங்குகள் முழுவதும் ரத்து. பெட்டியில் பூட்டிவைத்திருந்த பத்திரங்கள் ஒரே இரவில் பழைய காகிதம் ஆயின.

இந்தக் கதையில் சோம்பேறி யார்? கவுண்டரில் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டவரா? அவர் ஆயுள் பூராவும் கொட்டாவி விட்டாலும் நூற்றுக்கு இருபத்தைந்து ரூபாயை அழிக்கமுடியாது. அவர் கையெழுத்துக்கு அவ்வளவு மதிப்பு இல்லை. பெரிய கடன் மனு மேஜைக்கு வந்தபோது, அதைக் கடைசிப் பக்கம் வரை படிப்பது ஒரு வேலை. படித்தபின், “இது கூடாது” என்பது இன்னொரு வேலை. அந்த வேலையைச் செய்யாதவர்கள் குளிர்ந்த அறையில் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் நாற்காலியில் துண்டு போட்டிருக்கவில்லை, கோட்டுப் போட்டிருந்தார்கள். ஆகவே ஒருவரும் அவர்களைச் சோம்பேறி என்று சொல்லவில்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். பெரிய பொருளாதாரமெல்லாம் எனக்குத் தெரியாது என்று யாராவது சொல்வதாக இருந்தால், இந்தச் சின்னக் கணக்கை மட்டும் எனக்கு விளக்கிவிட்டுச் சொல்லட்டும்.

அந்த நவம்பரில் சுமார் 4,000 சிப்பந்திகளின் வேலை தப்பியது என்பதையும் சொல்லவேண்டும். யாருடைய கருணையினாலும் அல்ல. நலிந்த பாங்கைக் கட்டாயமாக இணைக்கும்போது, சிப்பந்திகளைப் பழைய சம்பளத்தில் பழைய நிபந்தனைகளோடு வைத்துக்கொள்வதைச் சட்டத்தின் 45வது பிரிவு பேசுகிறது. மூன்று வருஷத்துக்குள், அதே தகுதியுள்ள தன் சொந்தச் சிப்பந்திகளுக்குக் கொடுப்பதை இவர்களுக்கும் கொடுக்கவேண்டும் என்கிறது. மறுபடியும் மூன்று வருஷம்! சட்டம் எழுதியவர்கள் நம் வட்டிக்கடைச் சம்பளச் சீட்டைப் பார்த்திருக்க நியாயமில்லை. ஆனால் கணக்கு பொருந்துகிறது. ஆளை வைத்துக்கொள்வது வேறு, அவனை ஆளாக வைத்துக்கொள்வது வேறு என்பதைத்தான் சட்டத்தில் எழுதமுடியாது. சம்பளத்தைக் குறைக்காமல் ஒருவனைத் தெரியாத பாஷை பேசுகிற ஊருக்குத் தூக்கிப் போடலாம். நாற்காலியைக் கொடுத்துவிட்டு மேஜையில் வேலையே வைக்காமல் இருக்கலாம். ‘சும்மா உட்கார்ந்திருக்கிறான்’ என்று பிறகு ரிப்போர்ட்டும் எழுதலாம்.

தொழிற்சங்க நண்பர்கள் இதுவரை படித்துவிட்டு என்னைத் தங்கள் கட்சி என்று எண்ணியிருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலைக்கு உறுதி எதற்காகக் கேட்டுப் பெற்றீர்கள்? மேனேஜர் மைத்துனனுக்குக் கடன் எழுதச் சொன்னால், ‘எழுதமாட்டேன்’ என்று ஒரு குமாஸ்தா நிமிர்ந்து சொல்வதற்காக. அப்படிச் சொன்னவனுக்காக நீங்கள் வாசலில் கொடி பிடித்த நாட்கள் உண்டு, அவற்றை மதிக்கிறேன். பிற்பாடு என்ன செய்தீர்கள்? அந்தக் குடையைத் துண்டுக்காரருக்கும் பிடித்தீர்கள். கிழவியை நாலு தடவை நடக்கவிட்டவர் மேல் புகார் வந்தால், கிழவியின் மேல் பாய்ந்தீர்கள். சந்தாக் கொடுக்கிறவர் அவர், கிழவி கொடுக்கவில்லை. அதனால்தான் உங்கள் பாங்கை விற்கிறார்கள் என்று தெரிந்தபோது, தெருவில் உங்களோடு நிற்கக் கிழவி வரவில்லை. கிழவி வராமல் நீங்கள் போட்ட கோஷம், அவ்வளவுதான், கோஷமாகவே நின்றுவிட்டது.

“சரி ஐயா, துண்டுக்காரரை என்னதான் செய்வது?” என்று கேட்கலாம். செய்வதற்கு வழியா இல்லை? எந்த பாங்கிலும் ஒழுங்கு விதிகள் இருக்கின்றன. நோட்டீஸ் கொடுக்கலாம், விளக்கம் கேட்கலாம், குற்றச்சாட்டு எழுதலாம், விசாரிக்கலாம், சம்பள உயர்வை நிறுத்தலாம், கடைசியில் வேலையையும் நீக்கலாம். உறுதி என்றால் காரணமில்லாமல் நீக்கக்கூடாது என்று அர்த்தமே ஒழிய, நீக்கவே கூடாது என்று அர்த்தம் இல்லை. ஆனால் காரணத்தை எழுதவேண்டும். தேதி போட்டு, சம்பவம் போட்டு, சாட்சியோடு எழுதவேண்டும். அதற்கு மேனேஜர் தன் அறையை விட்டு எழுந்து வந்து நாலு நாள் கவுண்டர்ப் பக்கம் நிற்கவேண்டும். அவருக்கு எங்கே நேரம்? இரவு ஒன்பது மணிப் போனுக்குப் பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே இரண்டு பக்கக் குற்றச்சாட்டை எழுதச் சோம்பல்பட்டுக்கொண்டு, ‘பாங்கையே விற்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாக நம் பெரியவர்கள் சொல்வார்கள். வீட்டை விற்பதாகவும் சேர்த்துக்கொள்ளலாம்.

விற்பது இன்னும் நிற்கவில்லை. 2019 ஏப்ரலில் விஜயா பாங்கும் தேனா பாங்கும் பாங்க் ஆப் பரோடாவுக்குள் போயின. 2020 ஏப்ரல் முதல் தேதி 10 அரசு பாங்குகள் 4 ஆகிவிட்டன. 1907ல் பிறந்த நம் சென்னை இந்தியன் பாங்க், 1865ல் பிறந்த அலகாபாத் பாங்கை அன்று விழுங்கியது. இன்னும் சேர்க்கவேண்டும், இன்னும் பெரிசாக்கவேண்டும் என்ற பேச்சு ஓயாமல் நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் தலைமை அலுவலகங்கள் கிளைகளிடம் கேட்கும் கணக்கு மட்டும் மாறுவதில்லை. இந்த மாதம் எத்தனை பாலிசி, எத்தனை கார்டு, எத்தனை கடன்? போன மாதம் எத்தனை பேரிடம், ‘இது உங்களுக்கு வேண்டாம்’ என்று சொன்னீர்கள், எத்தனை பெரிய மனுவை, ‘முடியாது’ என்று திருப்பி அனுப்பினீர்கள் என்று எந்தத் தலைமை அலுவலகமாவது, எந்த இரவு ஒன்பது மணிக்காவது, எந்தக் கிளையையாவது கேட்டதாக இதுவரை நான் கேள்விப்படவில்லை.